இரக்கமும் நீதியும்: கத்தோலிக்க பக்தியிலே ஆறுதல் தேடுவோர் குறித்து

துன்பம் வந்துற்றபோது மனிதன் இறைவனை நோக்கி இரக்கத்தை வேண்டுகின்றான். இதனிலும் பழைமையான வேண்டுதல் பிறிதொன்று இருத்தல் அரிது. ஆயினும் ஒழுக்கவியல் நோக்கிலே இவ்வேண்டுதல் இரண்டு வினாக்களுக்கு இடமளிக்கின்றது. இரந்து நிற்பது மனித மாண்புக்கு இழுக்காகாதா என்பது ஒன்று. இரக்கத்திலே ஆறுதல் கண்டவன் தனக்கு இழைக்கப்பட்ட அநீதியை மறந்துவிடமாட்டானா என்பது மற்றையது. முதலாவது வினா மெய்யியல் நூல்களிலே நிரம்பப் பேசப்பட்டது. இரண்டாவதோ நமது மண்ணிலே நம் கண்முன் எழுந்து நிற்பது. இக்கட்டுரை அதனையே பெரிதும் கருத்திற் கொள்கின்றது.

கத்தோலிக்க பக்தி மரபினை இவ்வாராய்வுக்கு எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. இரக்கம் என்னும் எண்ணக்கருவைத் தன் வழிபாட்டின் நடுவிலே வைத்துப் போற்றிய மரபு அது. இலத்தீன் மொழியிலே பூசை நடந்த நூற்றாண்டுகளிலும், ஆண்டவரை இரங்குமாறு வேண்டும் 'கீரியே எலெய்சோன்' என்னும் கிரேக்கச் சொற்கள் மட்டும் மொழி மாறாமலே நின்றன. சைவக் குடும்பத்திற் பிறந்த எனக்கு அம்மரபு அயல் வீட்டு முற்றம் போன்றது. எனினும், மடுவுக்குச் செல்லும் பஸ் வண்டிகளிலே திருநீறு பூசிய நெற்றிகளும் உண்டென்பதை வடபுலத்திலே வளர்ந்த எவரும் அறிவர்.

முதலாவது வினாவை விரைந்து நோக்கி அப்பாற் செல்லலாம். இரக்கம் துன்பத்தைக் குறைப்பதில்லை, பெருக்குகின்றது. துன்புறுபவனின் நோய் இரங்குபவனையும் தொற்றிக்கொள்கின்றது என்பது நீட்சேயின் கருத்து. 1895இல் வெளிவந்த தமது நூலொன்றிலே அவர் இதனைக் கடுமையாகவே வலியுறுத்தினார். பிறரைச் சாராது தன் காலிலே நிற்கும் மனிதனே அவருக்கு இலட்சியம். ஆனால் நோயாளியும் முதியவரும் பிறர் தாங்கலின்றி நிற்றல் இயலாது. அவர்களைக் கழித்துவிட்டு மனிதனுக்கு இலக்கணம் கூறுவது எங்ஙனம்? எபிரேய மொழியிலே இரக்கத்தைக் குறிக்கும் 'ரஹமீம்' என்னுஞ் சொல், கருப்பையைக் குறிக்கும் 'ரெஹெம்' என்பதனோடு உறவுடையது. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் இறையிரக்கம் பற்றி 1980இல் வெளியிட்ட சுற்றுமடலிலே இச்சொல்லுறவினை எடுத்துக்காட்டியுள்ளார். வள்ளுவரும் அன்புக்கும் அருளுக்குமிடையே தாய்சேய் உறவினையே காண்கின்றார். தாயின் வயிற்றிலே தங்கியிருந்தமையால் மாண்பிழந்தவர் எவருமில்லை.

இனி இரண்டாவது வினா. இதனை வலுவாக எழுப்பியவர் கார்ல் மார்க்ஸ். 1844இல் வெளியான கட்டுரையிலே அவர் சமயத்தை அபினுக்கு ஒப்பிட்டார். நமது பல்கலைக்கழகங்களிலே இவ்வொப்புமையைக் கேளாது பட்டம் பெற்றவர் இரார். ஆனால் அதனை எடுத்தாள்வோர் அதற்கு முந்திய வாக்கியங்களை வாசிப்பதில்லை போலும். சமயத் துயரம் என்பது மெய்யான துயரத்தின் வெளிப்பாடு என்றும், அதே வேளை அத்துயருக்கு எதிரான ஆட்சேபம் என்றும் மார்க்ஸ் அங்கே கூறுகின்றார். எனவே மார்க்சின் வழியிலேயே நின்று கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: ஆறுதல் தேடுபவனின் செபத்திலே அந்த ஆட்சேபம் உயிரோடு இருக்கின்றதா, உறங்கிவிட்டதா?

இதற்கு விடை காணுமுன் ஒரு சொல்லாராய்ச்சி தேவையாகின்றது. தமிழிலே 'இரக்கம்' என்னும் ஒரே சொல் இருவேறு பொருள்களைச் சுமக்கின்றது. குற்றஞ்செய்தவனைப் பொறுத்தருள்வதும் இரக்கம். குற்றம் எதுவுஞ் செய்யாது துன்புறுபவனைக் கண்டு மனமுருகி உதவுவதும் இரக்கம். இலத்தீனிலும் நிலை இதுவே. 'மிசெரிக்கோர்தியா' என்பது துயருற்றோரைத் தன் இதயத்திலே ஏந்துதல் என விரியும். பிறர் துயரினாலே நம் உள்ளத்தில் எழுந்து, இயன்றவரை உதவுமாறு நம்மை உந்தும் உணர்வு என்று புனித அகுஸ்தீனார் அதற்கு வரைவிலக்கணம் தந்தார். அதிலே குற்றத்துக்கு இடமேயில்லை. ஆயினும் வழக்கிலே மன்னிப்பு என்னும் பொருளும் அதே சொல்லினுள் வந்து புகுந்துகொண்டது.

லூக்காவின் நற்செய்தியிலே பதினெட்டாம் அதிகாரத்தை இந்நோக்கிலே ஒருமுறை படித்தல் நன்று. அங்கே மூவர் வருகின்றனர். முதலில் ஒரு கைம்பெண்: கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதியாத நீதிபதி ஒருவனிடம் தன் எதிராளிக்கெதிராக நீதி வழங்குமாறு ஓயாது கேட்டுச் சலிப்பூட்டுகின்றாள். அடுத்து ஓர் ஆயக்காரன்: ஆலயத்திலே தொலைவில் நின்று, கண்களையும் உயர்த்தத் துணியாது, பாவியாகிய தன்மீது இரங்குமாறு மார்பிலே அறைந்துகொள்கின்றான். அதிகாரத்தின் இறுதியிலே எரிக்கோ நகருக்கருகில் வழியோரத்திலிருந்து பிச்சை கேட்கும் ஒரு குருடன்: அவனும் இரக்கத்தையே கூவி வேண்டுகின்றான், வாயை மூடு என்று கூட்டம் அதட்ட, இன்னும் உரக்கக் கூவுகின்றான். என்ன வேண்டும் என்று கேட்டபோது அவன் மன்னிப்புக் கேட்கவில்லை, பார்வையைக் கேட்டான்.

கைம்பெண்ணின் கதையும் ஆயக்காரனின் கதையும் எவ்வாறு செபிப்பது என்பதைக் காட்டவே அடுத்தடுத்துச் சொல்லப்பட்டுள்ளன. அநீதியிழைக்கப்பட்டவள் நீதி கேட்கின்றாள். அநீதியிழைத்தவன் பொறுத்தருளலைக் கேட்கின்றான். துன்பத்திலே கிடப்பவன் மனமுருகலைக் கேட்கின்றான். மூன்றும் செபமே. கைம்பெண்ணிடம் சென்று, ஆயக்காரனைப்போல நீயும் மார்பிலே அறைந்துகொள் என்று இயேசு சொல்லவில்லை. ஆறுதலைப் பற்றிய நமது குழப்பங்களிற் பெரும்பாலானவை இம்மூவரையும் ஒருவராக்கிவிடுவதனால் விளைபவை என்பதே என் துணிபு.

இதனை நூலறிவாக மட்டும் விட்டுவிடாது, மடுவின் வரலாற்றோடு பொருத்திப் பார்ப்போம். 1658இலே யாழ்ப்பாணத்தையும் மன்னாரையும் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் அளிப்போருக்கு மரண தண்டனை என்று அவ்வாண்டிலேயே கட்டளை பிறந்தது. மாந்தையிலிருந்த சில குடும்பங்கள் தம் ஆலயத்து மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டினுள்ளே புகுந்தன. அவர்கள் 1670ஆம் ஆண்டளவில் மருதமடுவிலே தங்கினர் என மரபு கூறும். பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்தோரும் அவர்களோடு சேர்ந்தனர். ஆகவே மடுத்தலம் தோன்றியதே அகதிகளாலேதான். அங்கேயுள்ள சொரூபமும் ஓர் அகதியே.

அக்காலத்திலே குருக்களில்லாத அம்மக்களைத் தேடிக் கோவாவிலிருந்து 1687இலே வந்தவர் யோசேவ் வாஸ் அடிகளார். அவர் இரவலர் கோலத்திலே, கழுத்திற் செபமாலையோடு யாழ்ப்பாணத்து வீடுகள் தோறும் பிச்சை கேட்டுச் சென்றார். செபமாலையைக் கண்டு முகம் மலர்ந்தவர் யார் என்பதைக் கொண்டே மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை இனங்கண்டார். இரத்தல் இழிவு என்போர் இந்நிகழ்ச்சியைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். அச்சத்தினாலே வாய்மூடியிருந்தவர்களைக் கண்டடைவதற்கு ஏந்திய கையே வழியாயிற்று.

மடுவின் அகதி வரலாறு அத்துடன் முடிவுறவில்லை. 1990 முதல் ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயத்தின் ஆதரவோடு அங்கே இடம்பெயர்ந்தோர் தங்கினர். 1999 நவம்பரிலே, அவ்வாறு தஞ்சம் புகுந்தோர் நிறைந்திருந்த வேளையில் ஆலய வளவிலே எறிகணைகள் வீழ்ந்து பலர் உயிரிழந்தனர். 2008 ஏப்பிரலிலே சண்டை நெருங்கியபோது சொரூபம் தேவன்பிட்டிக்கு எடுத்துச் செல்லப்பட்டு, அதே ஆண்டு ஓகஸ்டிலே மடுவுக்குத் திரும்பியது. மாதாவின் மடியே தஞ்சம் என்று வந்தவர்கள் அந்த மடியிலேயே மாண்டனர் என்பது பக்தி பேசுவோர் எளிதிலே கடந்து செல்லத்தக்க செய்தியன்று. இரக்கம் வேண்டியோர்க்கு இரக்கம் எங்கே கிடைத்தது என்று ஒருவன் கேட்டால், அக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. விடை உண்டென்று விரைந்து கூறுவோரை நம்பவும் மனம் ஒப்பவில்லை. ஆயினும் உயிர்தப்பியவர்களும் இறந்தோரின் உறவினரும் மறுபடி அதே தலத்துக்கு வருகின்றனர். அவர்கள் ஏமாற்றப்பட்டவர்கள் என்று கூறுவது சுலபம். ஏமாற்றம் என்னவென்று அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும் என்பதை மட்டும் நினைவிலே வைத்தல் வேண்டும்.

இங்கே நேர்த்திக்கடன் பற்றி ஒரு வார்த்தை. இத்தனை மெழுகுதிரி ஏற்றுகின்றேன், இன்னது தருவாயாக என்னும் மனப்பான்மை ஆலயங்களிலும் உண்டு, நமது கோயில்களிலும் உண்டு. இது இரக்கத்தை வேண்டுவதாகாது, விலை பேசுவதாகும். விலை கொடுத்துப் பெறுவது கூலி; அதனை அருள் என்று அழைப்பது சொல்லுக்குச் செய்யும் தீங்கு. எனினும், மெழுகுதிரியோடு நிற்கும் ஒவ்வொருவரும் வாணிகம் பேசுகின்றனர் என்று தீர்ப்பிடவும் நம்மால் ஆகாது. கையிலே வேறெதுவும் இல்லாதவர் எதையேனும் ஏந்திச் செல்லத்தானே வேண்டும்.

இனி இரக்கமும் நீதியும் ஒன்றையொன்று அழிப்பனவா என்பதை நோக்குவாம். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே புனித தோமஸ் அக்குவைனஸ் தமது 'இறையியற் சுருக்கம்' என்னும் பெருநூலிலே இதற்கு ஓர் எளிய உதாரணம் தருகின்றார். ஒருவனுக்கு 100 வெள்ளிக்காசு கொடுக்க வேண்டியவன், தன் கைப்பணத்திலிருந்து 200 கொடுத்தால் நீதிக்கு மாறாக நடந்தவனாகான். நீதிக்கு மேலாக நடந்தவனாவான். தனக்கு எதிரான குற்றத்தை மன்னிப்பதும் இத்தகையதே. உதாரணத்திலே ஒரு சொல் கவனிக்கத்தக்கது: தன் கைப்பணத்திலிருந்து. பிறனுக்குச் சேரவேண்டிய நூறினைக் கொடாது வைத்துக்கொண்டு, அவன் சார்பிலே நான் பெருந்தன்மை காட்டுகின்றேன் என்பவன் இரக்கமுள்ளவனல்லன். ஒருவனுக்கு இழைக்கப்பட்ட தீங்கை மன்னிக்கும் உரிமை அத்தீங்கைத் தாங்கியவனுக்கே உரியது. இடையிலே நிற்போர் அதனை எடுத்துச் செலவிடல் ஆகாது.

கத்தோலிக்கத் திருச்சபையின் பாவசங்கீர்த்தன ஒழுங்கும் இதனையே உணர்த்துகின்றது. மனஸ்தாபம், பாவத்தை அறிக்கையிடுதல், பரிகாரம் என்னும் மூன்றும் பாவியின் பங்காகும். களவெடுத்தவன் பாவமன்னிப்புப் பெற்றாலும், எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கடமை அவனை விட்டு நீங்குவதில்லை. பிறன் பெயரைக் கெடுத்தவன் அதனைச் சீர்செய்ய முயலல் வேண்டும். கடவுளின் மன்னிப்பே அயலானுக்குரிய ஈட்டினை அழித்துவிடாதெனில், மனிதர் மேடையேறிக் கூறும் சமாதான வார்த்தைகள் அழித்துவிடுமோ? பாப்பரசர் பிரான்சிஸ் 2015 சனவரி 14இலே மடுவுக்கு வந்தபோது, நமது பாவங்களுக்காகவும் இந்நாடு கண்ட தீமைகளனைத்துக்காகவும் பரிகாரஞ் செய்யும் அருளை வேண்டியதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. பரிகாரம் என்னும் அச்சொல்லை அன்று கேட்டோர் பலர். பின்னர் நினைவுகூர்ந்தோர் சிலரே.

மடுவிலே நாம் காண்பவர் யார்? கைம்பெண்கள் வருகின்றனர். வழியோரத்துக் குருடனைப்போலக் கூவுவோர் வருகின்றனர். 'மறப்போம், மன்னிப்போம்' என்ற அறிவுரையும் அவர்களுக்கே வழங்கப்படுகின்றது. நாம் வேறுபடுத்திய இரண்டு பொருள்களும் இங்கேதான் ஆபத்தான முறையிலே கலந்துவிடுகின்றன. பிள்ளையைக் காணாத தாய் "இரங்கும்" என்று அழும்போது அவள் கேட்பது மனமுருகல். கேட்பவரோ அச்சொல்லைப் பற்றிக்கொண்டு, இரக்கத்தை நாடும் நீயும் இரக்கங்காட்ட வேண்டாமா என்று அவளையே கடனாளியாக்குகின்றனர். மத்தேயு நற்செய்தியிலே வரும் 10,000 தாலந்துக் கடனாளியின் கதையும் இதற்குத் துணைக்கு இழுக்கப்படுவதுண்டு. ஆனால் அக்கதையிலே கண்டிக்கப்படுபவன், தன் பெருங்கடன் நீக்கப்பட்ட பின்னரும் 100 தெனாரி கடன்பட்டவனின் கழுத்தை நெரித்தவன். அவ்வாறு நெரிக்கப்பட்டவனைப் பார்த்து, நீ ஏன் மன்னிக்கவில்லை என்று அரசன் கேட்கவேயில்லை. அதனைக் கேட்பது அரசனின் வேலையுமன்று.

2017 பெப்ரவரியிலே, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சியிலே கந்தசுவாமி கோயில் முன்றலிலும், வவுனியாவிலும் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தனர். அவர்களிலே தேங்காய் உடைத்தோரும் உளர், செபமாலை உருட்டியோரும் உளர். அவர்களின் கோரிக்கை பதில் வேண்டுமென்பது. செபம் அவர்களை உறங்கவைத்திருந்தால், பல்லாண்டுக் காலம் தெருவோரக் கொட்டகையிலே இருந்திருக்க மாட்டார்கள். அபினின் இலக்கணம் இதுவன்று.

தென்னிலங்கைக் கத்தோலிக்கரின் அனுபவமும் இத்தகையதே. 2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து, 250இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஞாயிறு, ஏப்பிரல் 28, திருச்சபையின் நாட்காட்டியிலே இறையிரக்க ஞாயிறு. போலந்து நாட்டு அருட்சகோதரி பவுஸ்தீனா (1905–1938) பரப்பிய இறையிரக்க பக்தியை ஏற்று, அவர் புனிதராக உயர்த்தப்பட்ட 2000ஆம் ஆண்டிலே திருச்சபை அனைத்துக்கும் விதிக்கப்பட்ட நாள் அது. இரக்கத்துக்கென ஒதுக்கப்பட்ட அந்த ஞாயிறன்று இலங்கை ஆலயங்களிலே பாதுகாப்பு அச்சங் காரணமாகத் திருப்பலி நடைபெறவில்லை. பேராயர் கருதினால் மல்கம் ரஞ்சித் தமது இல்லத்துச் சிற்றாலயத்திலே ஒப்புக்கொடுத்த பூசையை மக்கள் தொலைக்காட்சியிலே கண்டனர்.

பழிவாங்கல் கூடாது என்று அன்று கேட்டுக்கொண்ட அதே ஆயர்கள், பின்னர் ஆண்டுக்கணக்காக உண்மையையும் நீதியையும் கோரிவந்தனர். 2023 சனவரி 12இலே, தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் சனாதிபதியும் பாதுகாப்பு உயரதிகாரிகளும் இழப்பீடு செலுத்தவேண்டும் என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனை முரண்பாடு என்று பேசினோர் உண்டு. மன்னித்தோமென்றால் வழக்கெதற்கு என்றனர். முரண்பாடு எதுவுமில்லை. பழிவாங்காமை தன் கைப்பணம். அதனை அவர்கள் கொடுத்தனர். உண்மை இறந்தோருக்குச் சேரவேண்டிய நூறு, அதனைக் கேட்டனர். ஆனால் ஓர் உறுத்தல் எஞ்சுகின்றது. தெற்கிலே உரத்து எழுந்த இக்குரல், வடக்கிலே காணாமற்போனோருக்காகவும் அதே உரப்போடு எழுந்ததா என்று இங்குள்ளோர் கேட்பதிலே நியாயம் இல்லையென்று கூறிவிடல் முடியாது. வடபுலத்துக் குருமார் பலர் அம்மக்களோடு நின்றனர் என்பதும் உண்மை.

ஆறுதல் என்பது யாது என்பதை இதுவரை விளக்காமலே வந்துவிட்டோம். மறதி ஆறுதலாகாது என்பது மட்டும் தெளிவாயிற்று. பொய்யும் ஆறுதலாகாது, இறந்த பிள்ளை உயிரோடிருக்கின்றான் என்று தாயிடம் கூறுபவன் அவளுக்கு இரங்கியவனல்லன். கத்தோலிக்க பக்தியிலே இவ்விரண்டினின்றும் வேறான ஆறுதல் ஒன்று உண்டென்பதற்குச் சான்று, தவக்காலத்திலே மன்னாரிலும் யாழ்ப்பாணத்துக் கரையோரத்திலும் இசையோடு படிக்கப்பட்டு வந்த 'வியாகுலப் பிரசங்கம்'. 1705இலே கோவாவிலிருந்து இங்கு வந்து, 1742இலே மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இயற்றியது அது. நமது ஒப்பாரியின் சாயல் அதிலே படிந்துள்ளது. அதனைப் படிக்கும்போது மக்கள் தம் துயரைச் சொல்வதில்லை. மரியாளின் துயரைச் சொல்லி அழுகின்றனர். தன் மகனுக்காக வந்தவள் இன்னொருத்தியின் மகனுக்காக அழுகின்றாள். செத்த வீட்டிலே கட்டியழும் பெண்கள் ஒவ்வொருவரும் தத்தம் இழப்பையே அழுகின்றனர், ஆயினும் சேர்ந்தே அழுகின்றனர் என்பதைக் கண்டவர்க்கு இது விளங்கும். அங்கே எந்தப் பொய்யும் சொல்லப்படுவதில்லை. மகன் மாண்டான், தாய் அழுதாள் என்பது மட்டுமே சொல்லப்படுகின்றது.

மரியாளின் வியாகுலங்கள் ஏழு என்பது மரபு. அவற்றுள் மூன்றாவது, பன்னிரண்டு வயதுப் பிள்ளையை எருசலேமிலே தொலைத்துவிட்டு மூன்று நாள் தேடியலைந்தது. ஆறாவது, சிலுவையினின்றும் இறக்கப்பட்ட உடலை மடியிலே ஏந்தியது. வவுனியாவிலே படத்தோடு அமர்ந்திருந்த தாய்மாருக்கு ஆறாவது வியாகுலம் கூடக் கிட்டவில்லை. அவர்கள் மூன்றாவதிலேயே நிற்கின்றனர். மூன்று நாள் முடியவில்லை. மரியாளோ பிள்ளையைக் கண்டாள். கண்டவுடன் தொழுது நன்றி கூறினாள் என்று லூக்கா எழுதவில்லை. எங்களுக்கு ஏன் இப்படிச் செய்தாய் என்று அவள் கேட்டாள் என்றே எழுதுகின்றார். கிடைத்த பதில் அவளுக்கு விளங்கவில்லை என்றும் எழுதுகின்றார்.